அறுபதுக்குப் பூஜ்யம்: மொரிஷியஸ் பிரதமருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பிரதமர் நவீன் ராம்கூலம் அவர்களுக்கு,

ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்கள் கசிந்ததும் சமூக ஊடகங்களை முடக்கப் பார்த்து, மறுநாளே பின்வாங்கிய ஓர் அரசை உங்கள் மக்கள் 2024 நவம்பர் 10 அன்று வாக்குச்சீட்டால் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாழ்த்துகள்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். உங்கள் கூட்டணி பெற்ற வாக்கு ஏறத்தாழ 60 விழுக்காடு. பெற்ற இடங்களோ, மொரிஷியஸ் தீவின் 20 தொகுதிகளுக்கும் உரிய 60-உம். நான்கில் ஒருவருக்கு மேல் எதிரணிக்கு வாக்களித்தும், அவர்களுக்கு ஒரு தொகுதியில்கூட வெற்றி இல்லை.

காரணம் தேர்தல் முறை. தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். வாக்காளர் மூன்று பேருக்குக் கட்டாயம் வாக்களிக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் சீட்டு செல்லாது. மூன்றையும் எங்களுக்கே போடுங்கள் என்று கட்சிகள் கேட்கின்றன. அலை அடித்தால் ஓரணியின் மூவரும் ஒன்றாகக் கரையேறுகிறார்கள்.

இது உங்களுக்குப் புதிதல்ல. 1982-இல் இதே 60-0 அலையில், நாட்டின் முதல் பிரதமரான உங்கள் தந்தையார் சிவசாகர் ராம்கூலமே தோற்றார். 1995-இல் அதே 60-0 உங்களைப் பிரதமராக்கியது. 1982-இன் கூட்டணி ஓராண்டுக்குள் உடைந்து, 1983-இல் மறுதேர்தல் வந்தது. 1995-இன் கூட்டணி 1997-இல் பிரிந்தது. எதிரே ஆளே இல்லாத பெரும்பான்மை அரசை உறுதியாக்கிவிடவில்லை.

2024 தேர்தலுக்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர் அவையில் அமர்ந்ததே 'பெஸ்ட் லூசர்' ஏற்பாட்டால்தான். தோற்றவர்களிலிருந்து எட்டுப் பேர் வரை சமூகவாரியாக நியமிக்கும் முறை அது. அதற்காக ஒவ்வொரு வேட்பாளரும் இந்து, முஸ்லிம், சீன மொரிஷியர், இம்மூன்றிலும் சேராத 'பொது மக்கள்' என்ற நான்கில் ஒன்றை வேட்புமனுவில் எழுத வேண்டும். தமிழரும் தெலுங்கரும் மராத்தியரும் அங்கே இந்துப் பிரிவுக்குள் அடக்கம். ஒதுக்கீட்டுக்கு அடிப்படையோ 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு சமூகம் கணக்கெடுக்கப்படவே இல்லை. இந்தக் கட்டாய அறிவிப்பு குடிமக்களின் உரிமையை மீறுகிறது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012-இல் சொல்லிவிட்டது.

எனவே 'பெஸ்ட் லூசர்' முறையையே எடுத்துவிடலாம் என்பார்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பதிலுக்கு எதையும் வைக்காமல் எடுத்தால், அடுத்த 60-0-இல் எதிர்க்கட்சி வரிசையே காலியாகிவிடும். சிறுபான்மையினருக்கு இருக்கும் பிடிமானமும் போய்விடும்.

வழி ஒன்றும் புதிதல்ல. தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான ஆணையம் 2002-இலேயே விகிதாசார இடங்களைச் சேர்க்கச் சொன்னது. 2014-இல் உங்கள் அரசே சீர்திருத்த அறிக்கை வெளியிட்டது. அந்த டிசம்பரில் நீங்கள் தோற்றீர்கள். அறிக்கையும் கிடப்பில் போனது. 2024-இல் வீழ்ந்த அதே ஜக்நாத் அரசு 2018-இல் கொண்டுவந்த மசோதாவுக்கு, அரசியல் சட்டத் திருத்தத்துக்குத் தேவையான முக்கால் பங்கு உறுப்பினர்களின் ஆதரவு கிடைக்கவில்லை.

அந்த முக்கால் பங்கு 2024 தேர்தலில் உங்களுக்கு அப்படியே கிடைத்திருக்கிறது. வாக்கு விகிதப்படி நிரப்பும் கூடுதல் இடங்களை முதலில் சட்டமாக்குங்கள். அதே திருத்தத்தில் வேட்புமனுவிலிருந்து சமூகக் கட்டத்தை நீக்குங்கள். பதவிக்காலத்தின் கடைசி ஆண்டு வரை தள்ளிப்போடாதீர்கள். அடுத்த அலை எந்தப் பக்கம் அடிக்கும் என்பதை உங்கள் குடும்பம் அறியும்.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாக்காளர்