வசந்தகால ஃபேஷனும் நம்ம ஊர் சித்திரை வெயிலும்



பங்குனி பிறந்தால் போதும், என் போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். "டீச்சர், இதுதான் இந்த ஸ்பிரிங் டிரெண்டாம், வீட்டிலேயே தைக்க முடியுமா?" என்று மாணவிகள். "அத்தை, இந்தக் கையை எப்படி வெட்டுறது?" என்று அண்ணன் மகள்கள். தனித்தனியாகப் பதில் எழுதி விரல் வலிக்கிறது, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம்.

முதலில் அந்த ஸ்பிரிங் என்ன என்று பார்த்துவிடுவோம். அவர்கள் ஊரில் பனி விலகி வெயில் எட்டிப் பார்க்கும் காலம் அது. குளிர் முழுதாகப் போயிருக்காது. அதனால்தான் அந்தப் படங்களில் கவுனுக்கு மேல் மெல்லிய கோட்டு, உள்ளே லைனிங், காலில் மூடிய ஷூ. நமக்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். பெயர்தான் இளவேனில், அக்னி நட்சத்திரம் அதற்குள்ளேதான் வருகிறது. படத்தில் உள்ளதை அப்படியே பாலியஸ்டரில் தைத்துப் போட்டுக்கொண்டு பகல் பன்னிரண்டு மணிக்கு பஸ்ஸுக்கு நின்றால் வேர்க்குருதான் மிச்சம்.

டிரெண்டே வேண்டாம் என்று சொல்கிற கிழவி இல்லை நான். அதிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள் என்கிறேன். கையோ, கழுத்தோ, உயரமோ, ஏதாவது ஒன்று. மற்றதெல்லாம் உங்கள் உடம்புக்குப் பழகிய கட்டிங்காகவே இருக்கட்டும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் வசந்தகால உடைகளைக் காட்டினார். இடுப்பை ஒட்டிப் பிடித்து, கீழே நீளமாக, அகலமாக, துணியைக் கொட்டித் தைத்த பாவாடைகள். இங்கிலாந்தில் அப்போது துணிக்கு ரேஷன், 1949 வரைக்கும் இருந்தது. அங்கே பல பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய பாவாடையின் அடியில் வேறு துணியில் ஒரு பட்டை கொடுத்து உயரத்தைக் கூட்டிக்கொண்டார்கள். டியோரிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அந்த உயரம் மட்டும்தான். வளர்கிற பிள்ளையின் பாவாடைக்கு அடியில் இரண்டு டக் வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டார்களே நம் அம்மாக்கள், அதே மூளைதான்.

அதிகம் பேர் கேட்டது பஃப் கை. புதுசு ஒன்றும் இல்லை. நதியா பெயரில் வளையலும் கம்மலும் விற்ற காலத்தில் படித்த செட்டைக் கேளுங்கள், அவர்கள் போடாத பஃப்பா! வெட்டுவது சுலபம். உங்கள் வழக்கமான கையைப் பிரவுன் பேப்பரில் வரைந்து வெட்டுங்கள். அதை நீளவாக்கில் நான்கு கீற்றாக நறுக்கி, நடுவில் முக்கால் முக்கால் இன்ச் இடைவெளி விட்டு இன்னொரு தாளில் ஒட்டுங்கள். மேல் வளைவை ஒரு இன்ச் உயர்த்தி வரையுங்கள். துணியில் வெட்டிய பிறகு அந்த வளைவில் பெரிய தையலாக இரண்டு வரிசை ஓட்டி, நூலை இழுத்துச் சுருக்குங்கள். சுருக்கு மொத்தமும் தோள் உச்சியில் இருக்கட்டும், அக்குள் பக்கம் வந்தால் உறுத்தும். உடம்புத் துணியில் தோளை அரை இன்ச் உள்ளே வாங்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பஃப் தோளில் உட்காராமல் கையில் சரிந்து தொங்கும்.

இன்னொன்று. படத்தில் அந்தக் கை நிமிர்ந்து நிற்கிறது என்றால் அது விறைப்பான துணி. மல்மல் அப்படி நிற்காது. பாப்ளினும் கஞ்சி போட்ட கைத்தறியும் ஓரளவு நிற்கும். எதுவானாலும் காட்டனை ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காயவைத்த பிறகுதான் கத்தரியைத் தொட வேண்டும்.

2025 வசந்தத்தில் எங்கே பார்த்தாலும் போல்கா புள்ளியும் வெண்ணெய் மஞ்சளும்தான். புள்ளிக்கு மதுரைச் சுங்குடி இருக்கும்போது எதற்கு வெளியே தேட வேண்டும்? அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, நைந்த இடத்தைத் தள்ளிவிட்டு வெட்டினால் ஒரு குர்த்தி தாராளமாக வரும். வெண்ணெய் மஞ்சள் மெல்லிய துணியில் உள்ளே இருப்பதைக் காட்டிக் கொடுக்கும். லைனிங் வைத்தால் புழுக்கம். நமக்கு மாம்பழ மஞ்சளே போதும் என்பது என் கட்சி.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. என் மாணவி ஒருத்தியின் மகள், பதினேழு வயது. ரெடிமேட் கடையில் எல் சைஸ் மார்பில் பிடித்தது, எக்ஸ்எல் தோளில் தொங்கியது. "என் உடம்புதான்மா சரியில்லை" என்று அழுதிருக்கிறாள். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த எழுத்துகள் எல்லாம் யாரோ ஒருத்தியின் அளவை விகிதமாகக் கூட்டிக் குறைத்துப் போட்ட கணக்கு. தோள் குறுகி மார்பு அகன்ற பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இன்ச் டேப் பிடிக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் சட்டையைத்தான் குறை சொல்லியிருக்கும். தையல் பீரியடைக் கடன் வாங்கிக்கொண்டு போன கணக்கு டீச்சர்களே, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும்!

கடையில் வாங்குவதே மலிவு என்பீர்கள். பல நேரம் அது உண்மைதான். இரண்டரை மீட்டர் நல்ல காட்டன், நூல் எல்லாம் சேர்த்தால் தள்ளுபடிக் குர்த்தியின் விலையைத் தாண்டிவிடும். காசு மிச்சம் என்று சொல்லி யாரையும் மிஷின் முன்னால் உட்கார வைக்க மாட்டேன். ஆனால் அந்தக் குர்த்தியின் பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஓவர்லாக் அடித்து ஒட்ட நறுக்கியிருப்பார்கள். பிள்ளை பெற்ற பிறகும், ஐம்பதைத் தாண்டிய பிறகும் உடம்பு மாறும். வீட்டில் தைக்கும்போது இரண்டு பக்கமும் ஒரு இன்ச் விட்டிருந்தால் ஒரு மாலை நேரத்தில் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். போன் வைக்க ஒரு பாக்கெட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு எந்த டிரெண்டின் அனுமதியும் தேவையில்லை.

நேரமில்லை என்பவர்கள் முழு உடுப்பில் தொடங்க வேண்டாம். இருக்கிற குர்த்தி ஒன்றின் கையை மட்டும் பிரித்து மாற்றுங்கள். முதலில் காடா துணியில் ஒரு கை தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு நல்ல துணிக்குப் போங்கள். மகன்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், பட்டன் தைக்கவாவது வரட்டும்.

தைத்து முடித்ததும் படம் அனுப்புங்கள். போட்டுக்கொண்டு நிற்கிற படம் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் திருப்பி ஒன்று எடுத்து அனுப்ப வேண்டும். மார்க் அதற்குத்தான்.