பத்து நாள் முன்பே வரும் புயல்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலோர மாவட்டங்களில் வயலைப் பார்ப்பதோடு கைப்பேசியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வங்கக் கடலில் மேகம் திரளும் முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் புயல் திரண்டுவிடுகிறது. சிவப்பும் ஊதாவுமாகச் சுழலும் ஒரு படம். அதன் கீழே, 'பத்து நாளில் நாகைக்கும் கடலூருக்கும் இடையே' என்று ஒரு வரி. மறுநாள் காலை வரும் படத்தில் அதே புயல் ஆந்திரக் கரையில் நிற்கிறது. அதற்கு அடுத்த நாள் புயலையே காணோம்.

இதைப் பார்த்துச் சலித்து, 'இவர்கள் சொல்வது எதுவும் நடப்பதில்லை' என்று ஒதுக்கிவிடும் விவசாயிகள் உண்டு. பயந்துபோய், மணி முற்றாத பயிரில் அறுவடை இயந்திரத்தை இறக்குபவர்களும் உண்டு. முதலாமவர் உண்மையான எச்சரிக்கை வரும்போது கேட்காமல் போகிறார். இரண்டாமவரின் நெல் ஈரப்பதம் கூடி, 17 சதவீத வரம்பைத் தாண்டி, கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடக்கிறது. இருவருக்கும் நட்டம்தான். நட்டத்துக்குக் காரணம் அந்தப் படம் என்று சொல்வதைவிட, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நாம் பழகாததுதான் என்று சொல்ல வேண்டும்.

எங்கிருந்து வருகிறது அந்தப் படம்?

காற்று, வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை உலகம் முழுவதும் அளந்து, பெரிய கணினிகளில் கணக்கிட்டு வரும் நாட்களின் வானிலையைச் சொல்லும் முறைக்கு 'மாதிரி' என்று பெயர். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை புதிதாகக் கணக்கிடுகிறது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் மையத்தின் மாதிரி, ஜெர்மனியின் ஐகான் மாதிரி ஆகியவையும் புகழ்பெற்றவை. நம் நாட்டிலும் நொய்டாவில் உள்ள தேசிய மையம் ஒரு மாதிரியை இயக்குகிறது. புனேயில் உருவான 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு', 6 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் திறனுடன் 2025 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தக் கணக்குகளில் பலவற்றை இப்போது யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு கணக்கும் வெளிவரும்போது அதை முந்தைய கணக்கோடும் மற்ற மாதிரிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதுபவர்களே வானிலை ஆர்வலர்கள். 2015 சென்னை வெள்ளத்தின்போது 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் பரவலாக அறியப்பட்டார். இன்று மாவட்டத்துக்கு மாவட்டம் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தொழில் வேறாக இருந்தாலும், மழைக்காலத்தில் இரவெல்லாம் கண்விழித்து, 'தாழ்வு மண்டலம்', 'காற்றுக் குவிதல்' போன்ற சொற்களை ஊர்ப் பெயரோடு சேர்த்து எளிய தமிழில் சொல்கிறார்கள். அரசு அறிக்கையின் நடை புரியாத பலருக்கு வானிலையைப் புரிய வைத்தது இவர்கள்தான். அந்தப் பணியை நாம் மதிக்கிறோம்.

அவர்களில் பொறுப்பானவர்கள், 'இது தொடக்க நிலை, மாறலாம்' என்று எழுதத் தவறுவதில்லை. ஆனால் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் படம் போகும்போது அந்த வரி உதிர்ந்துவிடுகிறது. படம் மட்டும் ஊர் ஊராகப் போகிறது.

ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

1961-ல் அமெரிக்க வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லாரன்ஸ், ஒரு கணக்கைக் கணினியில் இரண்டாம் முறை ஓட்டினார். 0.506127 என்று கொடுக்க வேண்டிய எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் கணக்கு போகப் போக, முற்றிலும் வேறு வானிலை வந்து நின்றது. தொடக்கத்தில் நூலளவு பிசகினால் பத்தாம் நாளில் முழம் கணக்கில் விலகிவிடும் என்பது அன்று தெளிவானது.

நிலத்தில் அளவுக் கருவிகள் நெருக்கமாக இருக்கின்றன. கடலில் அப்படி இல்லை. அட்லாண்டிக் கடலில் புயல் வரும்போது அமெரிக்கர்கள் விமானத்தில் புயலுக்குள்ளேயே சென்று அளந்து வருகிறார்கள். வங்கக் கடலில் அது வழக்கமில்லை. செயற்கைக்கோள்கள், கடலில் மிதக்கும் கருவிகள், கரையை நெருங்கியதும் சென்னை, காரைக்கால் போன்ற இடங்களில் உள்ள ராடார்கள் ஆகியவற்றை நம்பித்தான் கணிக்க வேண்டும். அதிலும், தாழ்வு நிலையே உருவாகாதபோது புயலின் மையம் என்று அளப்பதற்கு ஒன்றும் இருக்காது. பத்து நாள் முன்னே வரும் படம் பெரும்பாலும் இன்னும் பிறக்காத புயலின் படம்.

எந்த மாதிரி சரி என்ற போட்டியும் ஆர்வலர்களிடையே உண்டு. 2012-ல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயல் கரையை நோக்கித் திரும்பும் என்று ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே ஐரோப்பிய மாதிரி காட்டியது. அமெரிக்க மாதிரி முதலில் அதைக் கடலுக்குள் அனுப்பியது. சாண்டி திரும்பி வந்து நியூ ஜெர்சியில் கரையைக் கடந்தது. அதனால் ஐரோப்பிய மாதிரிக்குப் பெயர் கிடைத்தது. ஆனாலும் எல்லாப் புயலிலும் ஜெயிக்கும் மாதிரி என்று ஒன்று கிடையாது. விஞ்ஞானிகளும் ஒரே கணக்கை நம்புவதில்லை. தொடக்க எண்களைச் சிறிது சிறிதாக மாற்றி, ஐரோப்பிய மையம் 51 கணக்குகளை ஒரே சமயத்தில் ஓட்டுகிறது. ஐம்பத்தொரு பேரிடம் வழி கேட்பது போல இது. எல்லோரும் ஒரு பக்கம் கை காட்டினால் நம்பிக்கை கூடும். ஆளுக்கொரு பக்கம் காட்டினால் இன்னும் தெளிவில்லை என்று பொருள். நம் கைப்பேசிக்கு வருவது பெரும்பாலும் அந்த 51 பேரில் ஒருவர் சொன்ன வழி.

மூன்று புயல்கள் சொல்வது

கஜாவை டெல்டா மறக்காது. 2018 நவம்பரில் முதல் அறிவிப்புகள் வட தமிழகக் கரையைச் சொல்லின. பிறகு கடலூர் – பாம்பன் இடையே என்று தெற்கே இறங்கின. கடைசியில் நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. முதல் படத்தைப் பார்த்துவிட்டு, 'நமக்கில்லை' என்று இருந்தவருக்கு அது கற்றுக்கொடுத்த பாடம் கடுமையானது.

2020 டிசம்பரில் வந்த புரெவி வேறு பாடம் சொன்னது. இலங்கையைக் கடந்து, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே காற்றோடு வரும் என்று எல்லோரும் தெற்கே பார்த்திருந்தோம். அது மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து, நகராமல் நின்றுவிட்டது. காற்று பெரிதாக இல்லை. ஆனால் மழையோ வடக்கே டெல்டாவிலும் கடலூர் மாவட்டத்திலும் கொட்டி சம்பாப் பயிரை மூழ்கடித்தது. படத்தில் கோடு போன இடம் ஒன்று. தண்ணீர் நின்ற இடம் வேறு.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல். 27-ம் தேதி புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது; ஆகவில்லை. 28-ம் தேதி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள். 29-ம் தேதி அது புயலானது. 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. அதற்கு அடுத்த நாள், கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 செ.மீ. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர வயல்கள் மூழ்கின. 'புயல் வலுவிழந்தது' என்ற செய்தியைக் கேட்டு வேலையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பாதைக் கணிப்பு முன்பைவிட நன்றாக மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லும் இடத்தில் சராசரியாக 75 கி.மீ. அளவும், 72 மணி நேரத்துக்கு முன் சொல்வதில் 150 கி.மீ. அளவும் பிசகு இருக்கிறது. 150 கி.மீ. என்பது ஏறத்தாழ சென்னைக்கும் புதுச்சேரிக்கும் உள்ள தூரம். மூன்று நாள் முன்பே நிலைமை இதுவென்றால், பத்து நாள் முன்னே வரும் படத்தில் நம் ஊர்ப் பெயரைத் தேடுவதில் பொருளில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

ஆகவே, 'புயல் வருமா, வராதா?' என்று கைப்பேசியைக் கேட்பதை விட்டுவிட்டு, நம்மையே ஒன்று கேட்டுக்கொள்வோம்: 'இந்த வேலையை இன்று செய்து, புயல் வராமல் போனால் எனக்கு என்ன நட்டம்?' நட்டமே இல்லாத வேலையைப் பத்து நாள் முன்பே செய்யலாம். நட்டம் கூடிய வேலைக்குக் கடைசி இரண்டு மூன்று நாள் வரை, அதிகாரபூர்வ அறிவிப்பு வரும் வரை பொறுக்க வேண்டும்.

ஏழு முதல் பத்து நாள் முன்: வடிகால் வாய்க்காலில் அடைப்பு எடுப்பது, வரப்பு உடைப்பைச் சரிசெய்வது, ஆயில் என்ஜினை ஓட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் தேடி வைப்பது, பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துவது. புயல் வராவிட்டாலும் இவை வீணாகா. சம்பாவுக்குக் காப்பீடு செய்யக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15 என்பதால், படம் வந்த பிறகு ஓடுவதும் உதவாது.

நான்கைந்து நாள் முன், மாதிரிகள் ஒரே பக்கம் கை காட்டத் தொடங்கினால்: மேலுரம் இடுவதையும் மருந்து தெளிப்பதையும் தள்ளிப்போடலாம். தள்ளிப்போட்டால் சில நாள் தாமதம். போட்டுவிட்டால் யூரியா மூட்டை வடிகாலோடு போகும். காய்ந்த நெல்லை விற்கலாம். வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்கலாம், கரும்பில் சோகை உரித்துக் கட்டலாம்.

இரண்டு மூன்று நாள் முன், வானிலைத் துறையின் எச்சரிக்கை வந்த பிறகு: கதிரில் 80 சதவீத மணிகள் பழுத்திருந்தால் அறுக்கலாம், பச்சையாக இருந்தால் அறுப்பதைவிட வடிகாலைத் திறந்து வைப்பதே மேல். முற்றிய தேங்காயையும் இளநீரையும் இறக்கி, கீழ் மட்டைகளைக் கழித்தால் மரத்தின் தலைப்பாரம் குறையும். முற்றிய வாழைத்தாரை வெட்டலாம். கால்நடைகளை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசி நாளில் வயல் வேலை எதுவும் வேண்டாம். மோட்டாரைப் பார்க்கவும் மாட்டை அவிழ்க்கவும் இருட்டில் போய் உயிரை விட்டவர்கள் போதும்.

விரிவாக்கப் பணியாளரும் அரசும்

இந்த நாள் கணக்கை ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் உதவி வேளாண் அலுவலர்களும் தோட்டக்கலை அலுவலர்களும்தான். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வேளாண் வானிலை அறிவிக்கை வருகிறது. மேகதூத் செயலியும் உழவன் செயலியும் இருக்கின்றன. ஆனால் புயல் நேரத்தில் வாரம் இரண்டு அறிவிக்கை போதாது. தாழ்வு நிலை உருவான நாளிலிருந்து தினமும் மாலை, வட்டாரத்துக்கு ஒன்றாக, ஐந்து வரியில் தமிழில் ஒரு செய்தி வர வேண்டும்: இன்றைய நிலை என்ன, எவ்வளவு உறுதி, நெல்லுக்கு இன்று என்ன வேலை, தென்னைக்கும் வாழைக்கும் என்ன வேலை, எதைச் செய்யக் கூடாது. ஊருக்கு ஊர் இயங்கும் வானிலை ஆர்வலர்களையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு வாசகர் இருக்கிறார்கள். துறையிடம் பொறுப்பு இருக்கிறது.

விவசாயி மட்டும் தயாரானால் போதாது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் திறந்த வெளியில் கிடந்தால் நான்கு நாள் முன்பே எச்சரித்தும் பயனில்லை. வீட்டு வாய்க்காலில் அடைப்பு எடுத்தாலும், நீர்வளத் துறையின் வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் தண்ணீர் வயலில்தான் நிற்கும். அணை திறக்கும் அறிவிப்பு, கீழே உள்ள ஊர்களுக்குப் பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேர வேண்டும். முன்னறிவிப்பைத் துல்லியமாக்கக் கோடிகள் செலவிடும் அரசு, அது கடைசி வயல் வரை வேலையாக மாறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை அந்த வண்ணப் படம் வரும்போது, இரண்டே விஷயங்களைப் பாருங்கள்: அது எந்தத் தேதியில் கணக்கிட்டது, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது. நாள் அதிகமிருந்தால் அதை அடுத்த குழுவுக்கு அனுப்பும் முன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகால் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். அந்தப் புயல் வராமல் போனாலும், வாய்க்கால் அடுத்த மழைக்கு உதவும்.