மோவாய்க்கு வந்த யோகம்

முகத்திலுள்ள உறுப்புக்களில் மோவாயைப் போல் அநாதையாக விடப்பட்டது வேறொன்று இல்லை. கண்ணுக்கு மை உண்டு. காதுக்குத் தோடு உண்டு. மூக்குக்கு மூக்குத்தி, நெற்றிக்குத் திலகம், உதட்டுக்கு வெற்றிலைச் சிவப்பு. மோவாய்க்கோ, கவலை வந்த காலத்தில் கையை ஊன்றிக்கொள்ள இடம் கொடுப்பதும், குழந்தைப் பருவத்தில் பாட்டிமார் பிடித்துக் கொஞ்ச அகப்படுவதும் தவிர வேறு உத்தியோகம் இருந்ததாகத் தெரியவில்லை. அப்பேர்ப்பட்ட மோவாய்க்குச் சென்ற சில ஆண்டுகளில் பெரிய யோகம் அடித்திருக்கிறது. கத்தியில்லை, தையலில்லை, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வந்து போகலாம், தாடை சிற்பி செதுக்கியதுபோல் ஆகிவிடும் என்று பட்டணத்து விளம்பரங்கள் நம்மைக் கூவி அழைக்கின்றன. பெண் பார்க்க வருகிறவர்களை உத்தேசித்து இந்த ஆலோசனை நடக்கும் வீடுகளும் உண்டு. ஆகையால் விஷயத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இந்த யோகத்துக்கு முதற் காரணம் கைக்குள் அடங்கும் தொலைபேசிதான். முன்பெல்லாம் ஒருவர் தம் முகத்தைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால் இரண்டு கண்ணாடிகளுடன் போராட வேண்டும். அதற்கு யாருக்கு அவகாசம்? இப்போதோ நாளொன்றுக்கு நூறு படம் எடுத்துக்கொள்ளலாம். 2020-ல் கொரோனாத் தொற்றின் காரணமாக ஆபீசுகளும் பள்ளிக்கூடங்களும் திரைக்குள் புகுந்தபோது, பேசுகிறவர்கள் எதிரிலிருப்பவர் முகத்தைவிடத் தங்கள் முகத்தையே அதிக நேரம் பார்க்கும்படி ஆயிற்று. மேஜைமேல் கிடக்கும் கருவியைக் குனிந்து பார்த்தால் ரதிதேவிக்கும் இரட்டை மோவாய் தோன்றும். 2018-ல் அமெரிக்க வைத்தியர்கள் சிலர் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 12 அங்குல தூரத்தில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு சுமார் 30 சதவிகிதம் அதிக அகலமாகத் தெரிகிறது; 5 அடி தள்ளி எடுத்தால் இந்தக் கோணல் இல்லை. மூக்கு முன்னே வந்தால் மோவாய் பின்வாங்கியதுபோல் தோன்றுவது இயல்பே. எனவே வைத்தியரிடம் போகுமுன், வேறொருவரை 5 அடி தள்ளி நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது. காசு செலவில்லாத இந்தச் சிகிச்சையிலேயே பலருடைய நோய் தீர்ந்துவிடக்கூடும்.

கத்தியில்லாத பரிகாரங்களில் ஆதியானது தாடி. அது சவரக் கத்தியைக்கூடத் தள்ளிவிடுகிறது! 1860-ல் அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றபோது, நியூயார்க் மாகாணத்து வெஸ்ட்பீல்டு என்னும் ஊரிலிருந்து கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். தங்கள் முகம் ஒட்டி உலர்ந்திருக்கிறது, தாடி வளர்த்தால் நன்றாயிருக்கும் என்பது அவளுடைய அபிப்பிராயம். லிங்கன் தாடி வளர்த்தார். 1861-ல் பதவியேற்கப் போகும் வழியில் அவ்வூரில் ரயிலை நிறுத்தி அவளைக் கண்டும் போனார். ஸ்திரீகளுக்கு இந்த வழி இல்லை என்பதனால்தான் மேற்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது.

ஊசியால் முகத்தைத் திருத்தும் வித்தை 1899-ல் வியன்னா நகரத்தில் தொடங்கியது. ராபர்ட் கெர்சுனி என்னும் டாக்டர், உருக்கிய பாரபினைத் தோலுக்கடியில் செலுத்தினால் அது இறுகிப் பள்ளத்தை நிரப்பும் என்று கண்டார். உடனே ஐரோப்பா முழுவதும் அது பரவிற்று. கிளாடிஸ் டீக்கன் என்ற அமெரிக்கப் பெண் அக்காலத்துப் பேரழகிகளில் ஒருத்தி. அவளுக்கு ஒரே ஒரு குறை: புராதன கிரேக்கச் சிலைகளில் உள்ளதுபோல் நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை ஒரே நேர்கோடாக இல்லாமல், மூக்குத் தண்டில் சிறு பள்ளம் இருந்தது. அதை நிரப்புவதற்காகத் தன் 22-வது வயதில் பாரபின் ஊசி போட்டுக்கொண்டாள். மெழுகு வைத்த இடத்தில் நிற்கவில்லை. மெல்ல மெல்ல இறங்கி மோவாய்ப் பக்கம் வந்து கட்டிகட்டியாகத் தங்கிவிட்டது. 1921-ல் அவள் மார்ல்பரோ பிரபுவை மணந்து பிளெனிம் அரண்மனைக்கு எஜமானி ஆனாள். அங்கே வாசல் முகப்பின் விதானத்தில் அவளுடைய நீலக் கண்களைச் சித்திரமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். 1977 வரை, 96 வயது ஜீவித்திருந்தாள். அந்தக் கட்டிகளுடன் எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு வருஷம் வாழவேண்டியிருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவளுக்கும் கத்தி படவில்லை.

இக்காலத்து ஊசிகள் மெழுகு அல்ல என்பது உண்மை. பெரும்பாலும் உபயோகப்படுவது ஹையலுரானிக் அமிலம் என்னும் பசை. நம் தோலிலும் மூட்டுக்களிலும் கண்ணிலும் இயற்கையாகவே உள்ள பொருள் இது. 1934-ல் நியூயார்க்கில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பிற்பாடு சேவற் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்துச் செய்கிறார்கள். முகச் சுருக்கத்தை நிரப்ப 2003-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தந்தது. மோவாய்க்கென்று 2020-லும், தாடை ஓரத்துக்கென்று 2022-லும் அதன் கெட்டியான வகைகள் அனுமதி பெற்றன. எலும்பின்மேல் இதைச் செலுத்தினால் பின்வாங்கிய மோவாய் சற்று முன்வந்ததுபோல் தோன்றும். சுமார் ஒரு வருஷமோ அதற்குச் சிறிது மேலோ நிற்கும், பிறகு கரைந்துபோகும். பிடிக்கவில்லையானால், ஹையலுரானிடேஸ் என்னும் மாற்று மருந்தைச் செலுத்தி முன்னதாகவே கரைத்துவிடலாம். கிளாடிஸ் டீக்கனுக்குக் கிடைக்காத பாக்கியம் இதுதான்.

ஆனால் அபாயம் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தம் விரலாலேயே அறியலாம். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு தாடையின் கீழ் ஓரத்தைத் தடவினால், மெல்லும் தசை புடைத்து நிற்கும். அதன் முன்விளிம்பில், எலும்பின்மேல், ஒரு நாடி துடிப்பது தெரியும். அதுவே முகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி. ஊசி முனை தவறி அதற்குள்ளோ அதன் கிளைக்குள்ளோ பசையைச் செலுத்தினால் ரத்த ஓட்டம் அடைபடும். தோல் வெளுத்து, பிறகு கறுத்து, அழுகக்கூடும். அந்தக் கிளைகளுக்குக் கண்ணுக்குச் செல்லும் குழாய்களுடன் தொடர்பு உண்டு. ஆகையால் முகத்தில் போட்ட ஊசியினால் பார்வை போனவர்களும் இருக்கிறார்கள். இது அபூர்வம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அபூர்வமான விபத்து நேரும் அந்த ஒரு நாளில், பக்கத்தில் நிற்பவர் முகத்தின் அமைப்பைப் படித்த டாக்டரா, ஒரு வாரப் பயிற்சிச் சீட்டை மாட்டி வைத்திருக்கும் அலங்கார நிலையக்காரரா என்பதே கேள்வி. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் பசையைத் தோலுக்குள் பாய்ச்சும் பேனாக்களும் விற்பனைக்கு வந்தன. வீட்டிலேயே செய்துகொள்ளலாமாம்! 2021-ல் அமெரிக்க நிர்வாகம் அவற்றை உபயோகிக்க வேண்டாமென்று பகிரங்கமாக எச்சரித்தது.

மோவாய்க்குக் கீழே பருத்திருப்பதெல்லாம் கொழுப்பு அல்ல. சிலருக்குத் தோல் தளர்ச்சி. சிலருக்குத் தாடையே உட்புறம் அமைந்திருக்கும். சிலருக்குக் கழுத்துக் கழலையோ உமிழ்நீர்ச் சுரப்பியின் வீக்கமோ காரணமாயிருக்கும். முதலில் டாக்டர் கையால் தொட்டுப் பார்த்து இன்னதென்று சொல்ல வேண்டும். கொழுப்பேயானால், அதைக் கரைக்க டியாக்ஸிகோலிக் அமிலம் என்ற ஊசி 2015-ல் அனுமதி பெற்றது. நாம் உண்ட நெய்யையும் எண்ணெயையும் குடலில் உடைக்கும் பித்தநீரிலுள்ள பொருள்தான் அது. ஒரு தடவைக்கு 50 குத்துக்கள் வரை. மாதம் ஒன்றாவது இடைவெளி விட்டு ஆறு தடவை வரை. அரைமணிச் சங்கதி என்று நம்பிப் போகிறவர்கள், பல நாள் நீடிக்கும் வீக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பரிசோதனைகளில் நூற்றுக்கு நால்வருக்குத் தாடையோர நரம்பு பாதிக்கப்பட்டுச் சிரிப்புக் கோணிற்று. நாளடைவில் அது சரியாயிற்று. நாளடைவு என்பது சிலருக்கு மாதக் கணக்கு.

இன்னொரு முறை, கொழுப்பைக் குளிரவைத்துச் சாகடிப்பது. பனிக்கட்டி மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்ட குழந்தைகளுக்கு அவ்விடத்துக் கொழுப்பு வீங்கிக் குறைவதை 1970-ல் வைத்தியர்கள் எழுதினார்கள். அந்தச் சிறு கவனிப்பிலிருந்து ஒரு யந்திரம் பிறந்தது. 2015-ல் மோவாய்க்கும் வந்து சேர்ந்தது. உலகப் புகழ்பெற்ற கனடா தேசத்து அழகி லிண்டா இவாஞ்சலிஸ்டா இந்த யந்திரத்துக்குத் தம் உடம்பின் பல பாகங்களையும் மோவாயையும் ஒப்புக்கொடுத்தார். கொழுப்புக் குறைவதற்குப் பதிலாகக் கெட்டித்து வளர்ந்தது. 2021-ல் அவரே இதை வெளியிட்டு வழக்குத் தொடர்ந்தார். 2022-ல் வழக்கு சமரசமாக முடிந்தது. அப்படி வளர்ந்ததைத் திரும்பப் பழையபடி கரைக்க மருந்து கிடையாது. பெரும்பாலும் கத்திதான் வரவேண்டும்.

மூன்றாவது வகை, விஷத்தால் தசையை மெலிவிப்பது. 1820-களில் ஜெர்மானிய வைத்தியர் யுஸ்டினஸ் கெர்னர், கெட்டுப்போன மாமிசப் பண்டத்தால் மக்கள் கைகால் ஓய்ந்து இறப்பதை ஆராய்ந்தார். அந்த விஷத்தையே அணுவளவாக்கி 1989-ல் மாறுகண் முதலிய கண் உபாதைகளுக்கு மருந்தாக அனுமதித்தார்கள். 2002-ல் நெற்றிச் சுருக்கத்துக்கு வந்தது. இப்போது மெல்லும் தசையில் போட்டு, அகன்ற தாடையைச் சில மாத காலத்துக்குக் குறுக்குகிறார்கள். தென்கொரியாவில் இதற்கு மிகுந்த செல்வாக்கு.

இங்கே ஒரு வேடிக்கை. தமக்கைமார் இப்படிப் பணம் கொடுத்து மெல்லும் தசையைக் குறைக்க, தம்பிமார் அதே தசையைப் பெருக்கக் கெட்டிப் பிசினை மணிக்கணக்காக மெல்லுகிறார்கள். நமது வகுப்பில் கேள்வி கேட்டால், ஒரு பையன் உதட்டில் விரல் வைத்துத் தாடையோரமாகக் கோடு இழுத்துக் காட்டிவிட்டு மௌனமாக உட்கார்ந்திருந்தான். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டிருப்பதால் வாய் திறக்க இயலாதாம். அது தாடை வளர்க்கும் தவமாம்! இங்கிலாந்தைச் சேர்ந்த பல் சீரமைப்பு வைத்தியர் ஜான் மியூ, அவர் புதல்வர் மைக் மியூ ஆகியோர் பெயரால் இதை 'மியூயிங்' என்கிறார்கள். தாடை எலும்பு இதனால் செதுக்கப்படும் என்பதற்குத் தக்க சான்று இல்லையென்று அமெரிக்கப் பல் சீரமைப்பு வைத்தியர் சங்கம் தெரிவித்திருக்கிறது. 2024-ல் பிரிட்டிஷ் பல் வைத்தியக் கவுன்ஸிலின் விசாரணைக் குழு, மைக் மியூவின் பெயரை வைத்தியர் பட்டியலிலிருந்து நீக்கத் தீர்ப்பளித்தது. நாம் அந்தப் பையனுக்குச் சொன்னது, அசோகர் கல்வெட்டைப் பற்றி வாய் திறந்து சொன்னாலும் தாடைக்கு அப்பியாசந்தான் என்பது.

ஆனால் பிள்ளைகளின் தாடையைப் பெற்றோர் அலட்சியம் செய்யலாகாது. கீழ்த்தாடை மிகவும் உள்வாங்கி, பற்கள் சரியாகப் பொருந்தாமல், இரவில் குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் அது அழகைப் பற்றிய விஷயமே அல்ல. வளரும் வயதில் பல் சீரமைப்பு வைத்தியர் செய்யக்கூடியது நிரம்ப உண்டு. வளர்ந்து முடிந்த பிறகு ஊசிப் பசை மூடி மறைக்குமேயன்றி, மூச்சுக் குழாயை ஒரு நூலளவும் விரிக்காது.

1914-ல் அவனீந்திரநாத் தாகூர் பாரதச் சிற்பிகளின் உடலமைப்பு இலக்கணத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் மோவாய்க்குச் சொல்லப்பட்ட உவமை மாங்கொட்டை. கழுத்துக்கு உவமை சங்கு. சங்கின் வரிகள்போல் கழுத்தில் ரேகை இருப்பது லட்சணம் என்று நம்மவர் கொண்டாடினார்கள். இன்று அதே ரேகையைக் காட்டி, இதை எடுக்க இத்தனை ஆயிரம் என்கிறார்கள். கிரேக்க நேர்கோட்டுக்காகக் கிளாடிஸ் மெழுகு ஏற்றிக்கொண்டாள். கிரேக்கம் அவளுக்கு அடுத்த வீடு. நமது பெண்களின் வட்ட முகத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்? வரன் வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக வருஷந்தோறும் கரையும் பசைக்குப் பணம் கட்டத் தொடங்கினால், கல்யாணத்துக்குப் பிற்பாடும் அதைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, வயது வந்த ஒருவர் யோசித்துத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் செய்துகொள்ளத் துணிந்தால் நாம் குறுக்கே நிற்கமாட்டோம். மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளட்டும். 'பில்லர்' என்று மட்டும் சொன்னால் ஒப்பக்கூடாது. கரைக்கும் மாற்று மருந்து அதே அறையில் தயாராக இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஊசி போட்ட பின் கடுமையான வலியோ, தோல் வெளுப்போ, பார்வை மங்கலோ கண்டால், இரவானாலும் அந்த க்ஷணமே பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். காலை வரை ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பது கூடாது. மருந்துப் பெட்டியில் தயாரிப்பு எண்ணுடன் ஒட்டுச்சீட்டு இருக்கும். அதில் ஒன்றை உரித்துத் தம் சிகிச்சைத் தாளில் ஒட்டித் தரும்படி கேட்க வேண்டும். ஒட்டித் தர மறுக்கும் இடத்தில் நாற்காலியில் சாயாமலே எழுந்து வந்துவிடலாம்.