தீ இல்லை... புகையும் இல்லையா? வீட்டுக்குள் வந்திருக்கும் வேக்ஸ் வார்மர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் செவ்வாப்பேட்டை பக்கத்து வீடுகளுக்கு ஒரு தனி வாசனை வந்துவிடும். கொடியில் காயாத துணி, ஈரம் ஏறிய சுவர், முந்தின நாள் மீன் குழம்பு எல்லாம் கலந்த வாசனை. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு ரயிலேறி ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் போகிறவர்கள், காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது அதுதான். கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் திறந்துவைக்க முடியாது.

இதற்கு ஊதுவத்தியும் சாம்பிராணியும்தான் பழைய மருந்து. பிறகு கண்ணாடிக் குவளையில் வாசனை மெழுகுவத்தி வந்தது. இப்போது ஆன்லைனில் பலர் வாங்குவது வேக்ஸ் வார்மர். பெயர்தான் புதிது. பிளக்கில் செருகி, மேலே உள்ள தட்டில் இரண்டு கற்பூரத் துண்டு போட்டு வைக்கும் குட்டி விளக்கு ஏற்கெனவே பல வீடுகளில் இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை இது. கற்பூரத்துக்குப் பதில் வாசனை எண்ணெய் கலந்த, திரி இல்லாத மெழுகுக் கட்டி. கிண்ணத்துக்குக் கீழே ஒரு பல்போ, சூடாகும் தட்டோ இருக்கும். மெழுகு உருகும், வாசனை வெளியே வரும், அவ்வளவுதான்.

மெழுகுவத்தியில் நடப்பது வேறு. உருகிய மெழுகு திரி வழியாக மேலேறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. 1848-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே சிறுவர்களை உட்காரவைத்து நடத்திய புகழ்பெற்ற பாடமே இதுதான். மெழுகு உருக 50, 60 டிகிரி செல்சியஸ் போதும். சுடரின் சூடோ 1,000 டிகிரியைத் தாண்டும். வாசனைக்குத் தேவை முதல் சூடு மட்டுமே. நாம் இரண்டாவதையும் சேர்த்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தோம்.

ஒற்றை ஹால், ஒரு படுக்கையறை, நைலான் திரை, கட்டில் ஓரம் தொங்கும் துப்பட்டா, தவழும் குழந்தை. இப்படிப்பட்ட வீட்டில் சுடர் போவது பெரிய நிம்மதி. இன்னொரு விஷயம், நம் ஊர் சீலிங் ஃபேன். காற்றில் ஆடும் சுடர் நிதானமாக எரியும் சுடரைவிட அதிகமாகக் கரி கக்கும். குவளையின் விளிம்பில் படியும் கறுப்புதான் அதற்குச் சாட்சி. வார்மருக்கு ஃபேன் ஒரு பிரச்னையே இல்லை.

ஆனால், வாங்கும்போது கவனம் வேண்டும். வார்மர் என்ற பெயரிலேயே பீங்கான் கிண்ணத்துக்கு அடியில் ‘டீ லைட்’ எனும் சின்ன மெழுகுவத்தியை ஏற்றும் வகையும் விற்கிறார்கள். அழகாக இருக்கும். ஆனால் தீயும் கரியும் அப்படியே இருக்க, எதை மாற்றினோம்? அதன் மேல் கற்பூரம் போடுவது அதைவிட மோசம். கற்பூர ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

மின்சாரத்தில் இயங்குவதே சரி. செலவும் பயப்படும்படி இல்லை. 25 வாட் வார்மரை தினமும் 4 மணி நேரம் போட்டால் மாதத்துக்கு 3 யூனிட். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்ததாக இருந்தால் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுச் செருகுவது நல்லது. அமெரிக்காவில் 120 வோல்ட்.

அடுத்தது, ‘தீ இல்லாததால் காற்று சுத்தம்’ என்ற விளம்பரப் பேச்சு. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சோதனைக்காகவே கட்டிய ஒரு சிறு வீட்டில் வாசனை மெழுகுக் கட்டிகளைச் சூடாக்கிக் காற்றை அளந்தார்கள். முடிவுகள் 2025-ல் வெளியாயின. மெழுகிலிருந்து வரும் ‘டெர்பீன்’ எனும் வாசனைப் பொருள்கள், வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் ஓசோனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக மாறுகின்றன. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 10 லட்சத்துக்கும் மேல். எரியும் மெழுகுவத்தி, கேஸ் அடுப்பு ஆகியவற்றோடு ஒப்பிடும் அளவு அது. நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய அளவுக்குச் சின்னத் துகள்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, பைன் வாசனைகளில் டெர்பீன் தாராளமாக இருக்கும். ‘இயற்கை எண்ணெய்’ என்று லேபிளில் போட்டிருந்தாலும் டெர்பீன் டெர்பீன்தான். வாசனையே இல்லாத கட்டிகளைச் சூடாக்கியபோது இந்தத் துகள்கள் உருவாகவில்லை. ஆக, குற்றவாளி மெழுகல்ல, வாசனை.

ஓசோன் எங்கிருந்து வருகிறது? வாகனங்களும் ஆலைகளும் விடும் வாயுக்கள் மீது வெயில் படும்போது உண்டாகிறது. நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டைகளும் சூழ்ந்த திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதற்காக வார்மரைத் தூக்கிப்போட வேண்டுமா? வேண்டாம். 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கொசுவத்திச் சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று சொன்னது. அதைக் கட்டிலுக்கு அடியில் விடிய விடிய எரியவிடும் வீட்டில் வார்மரைக் குறை சொல்வது வேடிக்கை. ஆனால் சுருள், ஊதுவத்தி, வார்மர் மூன்றும் ஒரே அறையில், ஜன்னல் மூடி... அது கூடாது. வீசிங் உள்ள குழந்தையோ ஆஸ்துமா உள்ள பெரியவரோ தூங்கும் அறையில் வாசனை எதுவுமே வேண்டாம். மற்ற அறைகளில் அரை மணி நேரம் போட்டு அணைத்துவிட்டாலே வாசனை நிற்கும். அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் நல்லது. கொசுவலை அடித்த ஜன்னல் இருந்தால் கொஞ்சம் திறந்துவைக்கலாம்.

ஈர வாசனைக்கு மட்டும் வார்மர் பதிலே அல்ல. சுவரில் பூஞ்சை இருந்தால் ரோஜா வாசனை அதை மறைக்கும், அழிக்காது. ஒழுகும் குழாயையும் மொட்டை மாடி விரிசலையும் பார்க்கச் சொல்லி வீட்டு உரிமையாளரிடம் பேசுவதற்கான செலவு, ஒரு போன் கால்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்று. இந்தக் கட்டிகள் சாக்லேட் வடிவத்திலும் பூ வடிவத்திலும் வருகின்றன, வாசனையும் மிட்டாய் போலவே. கற்பூரமோ வெள்ளை மிட்டாய் மாதிரி. சிறு குழந்தை கற்பூரத்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரண்டையும் மேல் அலமாரியில் வைப்பதே சரி. உருகிய மெழுகும் கையைச் சுடும் என்பதால் வார்மரின் வயர் மேசை ஓரத்தில் தொங்கக் கூடாது.

வாசனை போன பிறகும் மெழுகு அப்படியே கிண்ணத்தில் இருக்கும், அது ஆவியாகாது. அதைச் சூட்டோடு சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஸ்விட்சை அணைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பஞ்சில் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடலாம். கிண்ணம் தனியாகக் கழன்று வரும் வகை என்றால், ஆறிய பிறகு 10 நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் கட்டி தானாகவே பெயர்ந்து வந்துவிடும்.