கை முறிவில் தவறவிடக் கூடாத ஆறு மணித்தியாலங்கள்

மரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ விழும் சிறுவன், தன்னைக் காத்துக்கொள்ளக் கையை ஊன்றுகின்றான். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிகின்றது. ஐந்து முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளிடையே இது அதிகம் காணப்படும் முறிவாகும். கை முறிவு உயிரைப் பறிப்பதில்லை என்ற எண்ணத்தினால், அதன் அவசரத்தை நாம் உணரத் தவறிவிடுகின்றோம்.

முறிந்த எலும்பின் கூரிய முனை அருகிலுள்ள நாடியை அழுத்தவோ கிழிக்கவோ கூடும். வீங்கிவரும் கையை இறுகக் கட்டினாலும் இரத்தவோட்டம் தடைப்படும். அவ்வாறு தடைப்பட்டால், சுமார் ஆறு மணித்தியாலங்களில் தசைகள் மீளமுடியாத சேதத்தை அடைகின்றன. பின்னர் விரல்கள் மடங்கி இறுகி, கை பயனற்றுப் போகலாம். இவ்வூனத்தை ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் வொல்க்மன் 1881ஆம் ஆண்டிலேயே விபரித்து, இறுக்கமான கட்டுகளைக் காரணமாகச் சுட்டிக்காட்டியிருந்தார்.

அபாய அறிகுறிகள் தெளிவானவை. விரல்கள் வெளிறிக் குளிர்தல், விறைத்தல், மணிக்கட்டில் நாடித்துடிப்புக் குறைதல், விரலை நிமிர்த்தும்போது தாங்கமுடியாத வேதனை என்பனவே அவை. துடிப்பு இருப்பதனால் மட்டும் ஆபத்தில்லை என்று கருதிவிடக் கூடாது. காப்பு, மோதிரங்களைக் கழற்றி, கையை உள்ள நிலையிலேயே தளர்வாகத் தாங்கவைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே முறையாகும். விலகிய தோள்மூட்டைப் பயிற்சியற்றோர் இழுத்துப் பொருத்த முற்படுவது நரம்புகளைப் பாதிக்கும். வலிப்பினாலோ மின்தாக்குதலினாலோ தோள் பின்புறமாக விலகுவதுண்டு. முன்புறமாக எடுக்கப்படும் எக்ஸ்-கதிர்ப் படத்தை மட்டும் நம்பினால் வைத்தியசாலையிலும் இது தவறவிடப்படலாம்.

எமது கிராமங்களில் தமிழரும் முஸ்லிம்களும் முதலில் நாடுவது பெரும்பாலும் முறிவு வைத்தியரையே. தலைமுறைகளாக மக்களின் நம்பிக்கையைப் பெற்ற அவர்களை இகழ்வதால் எவ்விதப் பயனும் இல்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பாரம்பரிய வைத்தியர்கள் பதிவுசெய்யப்படுகின்றனர். முறிவு வைத்தியம் செய்வோருக்கு இவ்வறிகுறிகள் குறித்த பயிற்சியை அளித்து, அவை தென்பட்டவுடன் நோயாளியை அனுப்பிவைக்கும் ஒழுங்கைச் சுகாதார அமைச்சு ஏற்படுத்த வேண்டும்.

2016இல் இரு மாகாணங்களில் ஆரம்பமாகிப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட 1990 இலவச அம்புலன்ஸ் சேவை இதற்குக் கைகொடுக்கும். எனினும், சென்றடையும் வைத்தியசாலையில் இரவிலும் எக்ஸ்-கதிர் வசதி இல்லையெனில், அம்புலன்ஸ் மீதப்படுத்திய நேரம் அங்கே வீணாகிவிடும்.

உழைத்து உண்ணும் குடும்பத்துக்குக் கையே முதலீடு. அதனைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசமோ சில மணித்தியாலங்களே. பெற்றோரும் வைத்தியர்களும் அதிகாரிகளும் இதனை மனதிற் கொள்வார்களாக.