பேய்கள் தந்த வீடு



ரேணிகுண்டா சந்திப்பில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, நம் சங்கத்துத் தாயார் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். "ஐயா, என் மகள் படிக்கும் ஆங்கில நாவலில் இரு சூனியக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் காதலித்துக் குடித்தனம் நடத்துகிறார்களாம். பிடுங்கி வைத்துவிட்டேன். நம் நாட்டில் இப்படிக் கதை உண்டா?"

"உண்டு, அம்மா" என்றேன்.

இராஜஸ்தானத்துப் போருந்தா கிராமத்தவர் விஜய்தான் தேத்தா (1926-2013). நாடோடிக் கதைகளைத் திரட்டித் தம் தாய்மொழியில் புதிதாய் எழுதியவர். 1974-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றவர். 'இரட்டை வாழ்வு' என்று பொருள்படும் அவர் கதையில், பேராசை பிடித்த தந்தை ஒருவர் தம் மகளை ஆணென வளர்த்து, மற்றொரு பெண்ணுக்கே மணமுடிக்கிறார். உண்மை தெரிந்த பின்னும் பீஜாவும் தீஜாவும் பிரிய மறுக்கின்றனர். ஊர் தூற்றுகிறது. அடைக்கலம் தருபவன் பேய்களின் தலைவன்!

அவன் வரத்தால் ஒருத்தி ஆணாகிறாள். ஆண்மையோடு அதிகாரமும் வந்து சேர, அன்பு கசக்கிறது. வருந்தி மீண்டும் பெண்ணாகிறாள். இல்லம் மறுபடியும் இனிக்கிறது.

இத்தகைய அன்பு குற்றமன்று என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியவர் பெற்றோரே. நாளை நம் மகளொருத்தி மனம்விட்டுப் பேச வந்தால், பேய்களுக்கிருந்த பரிவு நமக்கில்லாமற் போகலாமா?

வண்டி வந்தது. ஏறும்போது அத்தாயார் சொன்னார்: "புத்தகத்தை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஐயா."