கதிரவன் அடுப்பும் கடற்கரை ஏழையும்

தூத்துக்குடி மாநகரின் வடபால் அமைந்த திரேஸ்புரம் வெயிலை வீணாக்காத ஊர். கரைசேர்ந்த மீனில் விற்றதுபோக எஞ்சியது உப்பேறி, மணலில் உலர்ந்து கருவாடாகிறது. தூத்துக்குடியைச் சூழ்ந்த உப்பளங்களில் கடல்நீர் பாத்தி பாத்தியாய்ச் சுண்டி உப்பாக விளைகிறது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த நிலையில் தமிழகம் நிற்பது பெரிதும் இக்கரையின் வெயிலால்தான். நெய்தல் நில மகளிர் மீன் உணங்கலைப் புள் கவராமல் காத்திருந்த காட்சியைச் சங்கச் சான்றோர் பலவாறு பாடியுள்ளனர்; அக்காட்சியை நேரில் காண விழையும் தமிழ் மாணவர் இக்கரைக்கு வரலாம். மீனுக்கும் உப்புக்கும் இத்துணைப் பயன்படும் வெயில், உலைப்பானைக்கு மட்டும் ஏன் பயன்படவில்லை என்பதே நம் வினா.

வினா சிறிதன்று. விறகும் வறட்டியும் கரியும் எரிப்பதால் வீட்டுக்குள் எழும் புகை, 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் உயிர்களைக் கொண்டு சென்றதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவ்வுயிர்களில் மிகப் பெரும்பகுதி ஏழை நாடுகளுக்குரியவை. ஆகவேதான் வளரும் நாடுகளின் வறுமைக்குச் சூரிய அடுப்பே மருந்து என்று அறிஞர் சிலர் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றனர். அவர்தம் நன்னோக்கில் நமக்கு ஐயமில்லை. அவர்கள் எழுதித் தந்த மருந்துச் சீட்டில்தான் நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

இம்முயற்சி புதியதும் அன்று. வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கில அலுவலர் பம்பாயில் கண்ணாடிகள் பதித்த அடுப்பொன்றை அமைத்து வெயிலில் சமைத்துக் காட்டி, வெப்பநாடுகளில் எரிபொருளுக்கு மாற்றாவது கதிரவனே என்று 1878-இல் நூலும் எழுதினார். விடுதலைக்குப் பின், 1950-களில், புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் சூரிய அடுப்பொன்றை வடிவமைத்தது. 1980-களில் நடுவணரசு பெட்டி அடுப்புகளுக்கு மானியமே வழங்கியது. உட்புறம் கருமை பூசிய பெட்டி, மேலே இரட்டைக் கண்ணாடி, வெயிலை உள்ளே திருப்பும் ஓர் ஆடி ஆகிய இவ்வளவே அதன் அமைப்பு. அரிசி வேக இரண்டு மணி நேரம் ஆகலாம். ஆனால் கிண்ட வேண்டா, அடிப்பிடிக்காது, புகையும் இல்லை. இத்துணை நலம் இருந்தும் நம் நாட்டு ஏழையின் முற்றத்தில் அது நிலைபெறவில்லை. ஏழையின் அறியாமையே இதற்குக் காரணம் என்று சொல்வோர் உளர். நாம் அதனை ஏற்கவில்லை.

திரேஸ்புரத்து இல்லத்தரசி ஒருத்தியின் நாளை எண்ணிப் பார்ப்போம். வள்ளத்தில் செல்வோர் விடியுமுன் புறப்படுவர். சங்கு குளிப்போரும் காலையிலேயே கடலேறுவர். அவர்க்கு வேண்டிய உணவு கதிரவன் எழுமுன் ஆயத்தமாக வேண்டும். பகலில் அவள் மீன்கூடையுடனோ உப்பளத்திலோ உழைக்கிறாள். ஆக, வெயில் உள்ளபோது அவள் வீட்டில் இல்லை. அவள் வீட்டில் உள்ளபோது வெயில் இல்லை. பெட்டியை வைக்க முற்றம் வேண்டும். நெருங்கிய தெருக்களில் அதுவும் அரிது. ஆட்டிடமிருந்தும் காக்கையிடமிருந்தும் காவல் காக்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெட்டியில் மீன் பொரிக்க இயலாது! கடற்கரையில் இது சிறு குறையன்று.

பணக்கணக்கும் அவளுக்கு எதிராகவே நின்றது. தென்மாவட்டங்களின் தரிசெங்கும் மண்டிய சீமைக் கருவேலம் ஏழைக்கு விலையின்றிக் கிடைத்த விறகு. முள் குத்திய கையும் சுமந்த தலையும் செலவுக் கணக்கில் ஏறுவதில்லை. விலையில்லாத விறகோடு விலையுள்ள பெட்டி எங்ஙனம் போட்டியிடும்? மிச்சமாவது அவளது நேரம். அந்நேரத்துக்கோ சந்தையில் விலை இல்லை. பின்னர் 2007-இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கத் தொடங்கியது; 2016-இல் நடுவணரசின் உஜ்வலா திட்டமும் வந்தது. இவை பெரும் நன்மையே செய்தன. எனினும் அன்றாடம் கிடைக்கும் மீன்காசில் வாழும் குடும்பத்துக்கு, சிலிண்டருக்குரிய தொகையை ஒருங்கே எடுத்து வைப்பது எளிதன்று. காற்றும் புயலும் கடலை அடைத்துவிடும் நாள்களில் மீண்டும் முள்விறகு அடுப்புக்கு வருவதில் வியப்பென்ன?

இனி, வெயில் அடுப்பு எங்கே வென்றது என்பதைப் பார்ப்போம். 1997-இல் ஆரோவில்லின் பொதுச் சமையற்கூடத்துக் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள மாபெரும் ஆடிக்கிண்ணம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் வெம்மையில் எழும் நீராவி, நாள்தோறும் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கான உணவைச் சமைக்கத் துணைநின்றது. வெயில் குறைந்த நாளுக்கெனத் தனிக் கொதிகலனும் உடன் வைத்தனர். திருமலையில் 2002-இலும், சீரடியில் 2009-இலும் இத்தகைய நீராவிச் சமையல் தொடங்கியது. சீரடியில் மட்டும் 73 ஆடிகள் நிறுவப்பட்டன. இவ்விரு கோயில்களிலும் அமைந்தவை வோல்ப்காங் ஷெப்ளர் என்னும் இயற்பியல் அறிஞரின் வழிவந்த ஆடிகள். எளிய ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளத் தக்கவாறு அவர் அதனை வடிவமைத்தார். அதன் சிறப்பு யாதெனில், ஆடி கதிரவனைத் தொடர்ந்து திரும்பும். ஒளி குவியும் இடமோ பெயராது. ஆகவே ஆடி வெயிலில் நிற்க, சமைப்பவர் நிழலில் நிற்கலாம். பெட்டி அடுப்போ பெண்ணை அல்லவா வெயிலுக்கு அழைத்தது!

வென்ற இடங்கள் யாவும் பொது அடுப்புகள் என்பதை நோக்குக. அங்கே நண்பகலில் ஆளுண்டு, இடமுண்டு, எரிபொருளுக்குப் பணம் கொடுத்து வந்த கணக்கேடும் உண்டு. ஆகவே மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டுக்கொரு பெட்டி என்பதை விடுத்து ஊருக்கொரு சூரியக் கூடம் என்று தொடங்கியிருந்தால், இந்நாட்டில் இம்முயற்சியின் வரலாறு வேறாக இருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். விதிவிலக்கும் உண்டு. 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தார்பூரிலிருந்து சாடு நாட்டின் இரிதிமி முகாமில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம் பெண்களுக்கு, மெல்லிய உலோகத்தாள் ஒட்டிய அட்டை அடுப்புகள் வழங்கப்பட்டன. விறகு தேடி வெளியே சென்றால் மானத்துக்கும் உயிருக்கும் ஆபத்து என்ற நிலையில் அவ்வட்டை அடுப்பு அவர்களுக்கு அரணாயிற்று. அத்தகைய கொடுநெருக்கடி, இறையருளால், நம் கரையில் இல்லை.

நம் கரையில் பொது அடுப்புகள் எவை? ஒன்று, பள்ளிச் சத்துணவுக் கூடம். காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த எட்டயபுரம் இன்று இம்மாவட்டத்தில்தான் உள்ளது; 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் வந்த காலை உணவுக்கு வெயில் கைகொடாது. மதிய உணவுக்குக் கைகொடுக்கும்.

மற்றொன்று, நமக்கு மிக அண்மையிலுள்ள நோன்புக் கஞ்சி அடுப்பு. தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மாந்தர் அனைவரும் பங்காளிகள் என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு விட்டுச் சென்றார்கள். அப்பங்கினைப் பள்ளிவாசல் கஞ்சியை விடத் தெளிவாகக் காட்டுவது வேறெது? மஃரிபுக்கு நோன்பு திறக்க வேண்டிய கஞ்சி, பகல் வெயில் தணியுமுன்பே பெரிய அண்டாக்களில் வெந்தாக வேண்டும். சமயம் பாராது கலயம் ஏந்தி வருவோர்க்கும் அது வழங்கப்படுகிறது. அரிசியை அரசு தருகிறது. எரிபொருளை ஜமாஅத்தே வாங்குகிறது. ஒரு நாள் கஞ்சிச் செலவை ஒருவர் ஏற்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதுபோல் ஓர் ஆடியின் செலவை ஒருவர் ஏற்றால் அது ஸதக்கத்துல் ஜாரியாவாக நிலைக்கும் அன்றோ? ரமலான் அல்லாத பதினொரு மாதமும் அக்கூடத்தில் மதிய உணவு சமைத்துக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். மீன்கூடையை இறக்கி வைத்து வருபவளுக்கு அன்று ஒருவேளை அடுப்பூதும் வேலை இல்லை.

இடர்ப்பாடுகளை மறைத்தல் முறையன்று. ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னோக்கி வரும் மாதம். 2026-இல் அது பிப்ரவரியில் தொடங்குவதால் நல்ல வெயிற்காலம். 2030-இலோ சனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் மற்றொன்றுமாக இருமுறை வரும். அதன்பின் சில ஆண்டுகள் அது வடகிழக்குப் பருவமழைக்குள் விழும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழையை நாம் மறந்துவிடவில்லை; அன்று கைகொடுத்திருக்கக் கூடியது விறகும் எரிவாயுவுமே. ஆகவே பழைய அடுப்பை இடித்துவிட வேண்டா. ஆரோவில்லில் கொதிகலன் இருப்பது போல அதுவும் ஓரமாக இருக்கட்டும்.

மழையினும் பெரும் பகை உப்புக்காற்று. கடலோரத்தில் இரும்பு துருவேறும், அலுமினியம் மங்கும், ஆடியின் பின்பூச்சு உரியும். மங்கிய ஆடி வெயிலை வாங்கும், திருப்பித் தராது. அரசு அலுவலர் முன்னிலையில் நாடா வெட்டி, நிழற்படம் எடுத்து, ஆறு திங்களில் கோழி அடைக்கும் கூண்டாக மாறிய பொறிகள் நாட்டில் எத்தனையோ! நம் ஜமாஅத் பெரியோர் பணம் திரட்டுமுன் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: வெள்ளிதோறும் நன்னீர் கொண்டு ஆடிகளைத் துடைப்பவர் யார், அவருக்கு மாதக் கூலி எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து வரும்? கூலி கொடுப்பதாயின் அவ்வேலை திரேஸ்புரத்துப் பெண்களுக்கே போகட்டும். கருவாட்டுக்குக் காவலிருந்து, வெயில் எப்போது ஏறும், எப்போது சாயும் என்பதைக் கடிகாரமின்றி அறிந்தவர்கள் அவர்கள்.